ஆளுக்கு ஒரு மார்க்கா

எய்யா,

நீ நன்றாக இருப்பதாக நேற்றுதான் போனில் சொன்னாய். நானும் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டேன். அதனால் அந்தக் குசலமெல்லாம் முடிந்தது என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை நீ ஸ்வீடனுக்கு விமானம் ஏறப் போகிறாய். இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் வருவாய். போவதற்கு முன் ஊருக்கு வந்துபோக லீவு இல்லை, சென்னையிலிருந்தே கிளம்பிவிடுகிறேன் என்றாய். "அப்பாட்ட நீயே சொல்லிருமா" என்றாய். சொன்னேன். "சரி, பத்திரமாப் போயிட்டு வரச் சொல்லு" என்றார் உங்கப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். எவ்வளவு மரியாதையான மனிதர்கள் இரண்டு பேரும்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் இருந்த பாலைப் பொங்க விட்டுவிட்டேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டே முடிவு செய்தேன், செவ்வாய்க்கிழமைக்குள் நீங்கள் இரண்டு பேரும் முகத்தோடு முகம் பார்த்துப் பேசியாக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போனில் இதைப் பேச முடியாது. நான் ஆரம்பித்த உடனே உனக்கு மீட்டிங் வந்துவிடும். மெசேஜ் அனுப்பலாம் என்றால், நான் சொல்ல நினைப்பதை அந்தச் சின்னப் பொத்தான்களில் அடித்து முடிப்பதற்குள் நீ ஸ்வீடன் போய்ச் சேர்ந்திருப்பாய். அடித்தாலும் அது துண்டு துண்டாக வெட்டுப்பட்டுத்தான் வரும். அது உன்னை விட யாருக்குத் தெரியும், மெசேஜ் கம்பெனியில் நீ அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறாய். அச்சகத்துக்கு இன்றைக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையிலிருந்து உட்காருவதும் எழுந்திரிப்பதுமாக இருக்கிறேன். ஒரு பத்தி எழுதுகிறேன், எழுந்து போய் மோட்டார் போடுகிறேன், அப்புறம் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போகிறேன். இந்த ஆமத்தூரில் எம்புட்டு நேரத்தில் தொட்டி நிரம்பும் என்று எனக்குத் தெரியாதா? உட்கார முடியவில்லை, அதுதான் விஷயம்.

போன பொங்கலுக்கு நீ வந்திருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ நாற்காலியில், அவர் பாயில். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். நான் அடுப்படியில் நிற்கிறேன். "அம்மா, அப்பாவுக்கு டீ வேணுமான்னு கேளு" என்று நீ கத்துகிறாய். அவர் பதில் சொல்கிறார், அதுவும் என்னிடம்தான். "அவன் குடிச்சா எனக்கும் குடு." அன்றைக்குச் சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை. அவருக்குச் சுகர் பார்த்தாச்சா என்று நீ என்னிடம் கேட்கிறாய், உன் ரூமில் தண்ணீர் வருகிறதா என்று அவர் என்னிடம் கேட்கிறார். நான் இங்கே இருப்பதை அங்கேயும் அங்கே இருப்பதை இங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது. நாளைக்கு நான் படுத்துவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் எப்படித்தான் பேசிக்கொள்வீர்கள்?

இது எங்கே ஆரம்பித்தது என்று நம் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேருமே வாய் திறப்பதில்லை. நான் திறக்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ பாதிதான் பார்த்தாய். மீதியை நான் பார்த்தேன். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

காலேஜில் கடைசி வருஷம் நீ ஏதோ பிராஜெக்ட் செய்ய வேண்டும் என்றாய். உங்கப்பா முதலாளியிடம் போய் நின்றார். முதலாளிக்குத் தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி, சிவகாசி ரோட்டில் காலண்டர் அடிக்கிற அச்சகம். அச்சகத்தில் நான் புரூப் பார்க்கிறேன். இரண்டு கம்பெனிக்கும் சேர்த்து டெஸ்பாட்ச் உங்கப்பா. காலையில் தாயில்பட்டி, மத்தியானம் அச்சகம் என்று மொபெட்டில் அலைவார். எந்தப் பெட்டி எந்த ஊருக்கு, எந்த டீலருக்கு என்று கறுப்புப் பெயிண்டில் பிரஷ்ஷை முக்கி மார்க்கா போடுவது அவர் வேலை. ஒரு வட்டம், அதற்குள் டீலரின் இரண்டு எழுத்து, கீழே எத்தனையில் எத்தனையாவது பெட்டி என்று ஒரு எண். எழுதப் படிக்கத் தெரியாத லோடுமேன்கூட அந்த வட்டத்தைப் பார்த்துச் சரியான லாரியில் ஏற்றிவிடுவான். மார்க்கா இல்லாத பெட்டி லாரி ஆபீஸ் மூலையில் கேட்பாரற்றுக் கிடக்கும். உங்கப்பா போட்ட பெட்டி ஒன்றுகூட அப்படிக் கிடந்ததில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு, இருக்கட்டும்.

அச்சக ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்ததோடு சரி, அதற்கு உறை போட்டு மூடியே வைத்திருந்தார்கள். நீ போய் அந்த உறையை எடுத்தாய். ஒரு செல்போனை ஒயரில் அதோடு சேர்த்துக் கட்டினாய். லோடு கிளம்பியவுடன் லாரி நம்பர், பெட்டி எத்தனை, எங்கே இறக்க வேண்டும் என்று டீலருக்குத் தானாக மெசேஜ் போகும் என்றாய். முதலாளிக்கு வாயெல்லாம் பல். உடனே உட்கார்ந்து மெசேஜை அவரே சொல்ல ஆரம்பித்தார். "மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு அநேக வணக்கம்" என்று தொடங்கி, குலதெய்வம் அருளில் தொடங்கிய கம்பெனி, தங்கள் மேலான ஆதரவு, வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும் என்று போய்க்கொண்டே இருந்தது. அத்தனையையும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொண்டே நீ தலையைச் சொறிந்தாய்.

"மொதலாளி, ஒரு மெசேஜுக்கு நூத்தி அறுபது எளுத்துதான் போவும். வணக்கத்த எடுத்துருவமா?"

"ஏலே, வணக்கம் சொல்லாமச் சரக்க அனுப்பிட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுத்த ஆர்டர் கேக்க? நீ எஞ்சினியர்தான? வெட்டி வெட்டி அனுப்பு. போய்ச் சேந்தாச் சரி."

வெட்டி அனுப்பினாய். நூற்று அறுபது எழுத்து முடிந்ததும் ஒரு வெட்டு, அடுத்தது முடிந்ததும் இன்னொரு வெட்டு. அது கிளம்பின வரிசையில் போய்ச் சேரவில்லை. மதுரைப் பக்கத்து டீலர் ஒருவருக்கு வால் முதலில் போய்விட்டது. அவர் பதறிப்போய் போன் பண்ணினார். "நன்றி, வணக்கம்னு மட்டும் வந்திருக்கு. என்ன அண்ணாச்சி, கம்பெனிய மூடிட்டீகளா?" அன்றைக்கு அச்சகமே சிரித்தது. நீ மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் வழியைக் கண்டுபிடித்தாய். இரவுச் சாப்பாட்டின்போது எனக்கு விளக்கினாய். ஒவ்வொரு துண்டின் தலையிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும், அதில் இது எந்த மெசேஜ், மொத்தம் எத்தனை துண்டு, இது எத்தனையாவது என்று இருக்கும். அந்தப் பக்கத்துப் போன் சீட்டைப் பார்த்துத் தானே வரிசையாக ஒட்டி ஒரே மெசேஜாகக் காட்டிவிடும். அந்தச் சீட்டுக்கு இடம் விட வேண்டும் என்பதால் துண்டுக்கு ஏழு எழுத்து குறையும், நூற்று ஐம்பத்து மூன்றுதான் போகும் என்றாய். "ஏழு எழுத்துதானே, முதலாளி குலதெய்வத்தை எடுத்துவிடு" என்றேன். நீ சிரித்துப் புரையேறி, உங்கப்பாதான் தலையில் தட்டினார். அப்போதெல்லாம் அவர் கை உன் தலைக்குச் சாதாரணமாக வந்துகொண்டிருந்தது.

மறுநாள் அவர் ஆபீஸில் உன் பின்னால் வந்து நின்றார். நான் புரூப் தாளோடு அங்கே இருந்தேன். அதுவரை அவர் அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. உனக்காக மதுரையிலிருந்து பழைய மானிட்டர் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவர்தான். ஆனால் அது என்ன செய்யும், ஏது செய்யும் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார். "ஏலே, அது என்ன ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர்?"

"ஒவ்வொரு மெசேஜுக்கும் புது நம்பர்ப்பா. அப்பத்தான் ஒண்ணோட துண்டு இன்னொண்ணோட சேராது."

"எதுக்கு? டீலர் மாறுறாரா? ஆளுக்கு ஒரு மார்க்கா போட்டுரு. தஞ்சாவூர் அண்ணாச்சின்னா ஒரே நம்பர், காலத்துக்கும் அதான். நம்பரப் பாத்த ஒடனே இது யாரு சரக்குன்னு தெரிஞ்சுரும்ல?"

"போன்ல அப்பிடி இல்லப்பா..."

"எல்லாம் ஒண்ணுதாம்லே. நான் எத்தனை வருசமாப் போடுறேன், ஒரு பெட்டி மாறிருக்கா? நான் சொல்றதக் கேளு."

நீ கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாய். அப்புறம் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மாற்றினாய். ஏன் மாற்றினாய் என்று அப்போதே எனக்குத் தெரியும். அது தப்பு என்று உனக்குத் தெரியும். ஆனால் அப்பா முதல் தடவையாக உன் வேலையில் கை வைக்கிறார், உன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருகிறார், அந்தச் சந்தோஷம் உன் கண்ணை மறைத்துவிட்டது. ஒவ்வொரு டீலருக்கும் ஒரு நம்பர் என்று அவர் சொல்லச் சொல்ல நீ அடித்தாய். அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் அப்படி ஒட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நான்தான் கண் வைத்துவிட்டேனோ என்று பிற்பாடு பல நாள் நினைத்திருக்கிறேன்.

காலேஜ் முடிந்த பிறகும் நீ அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டாய், ஆடி, ஆவணி எல்லாம் நன்றாகவே ஓடியது. ஒரு நாளைக்கு ஒரு டீலருக்கு ஒரு லோடு, ஒரு மெசேஜ். சீசன் வந்தது. தீபாவளிக்குப் பட்டாசு, புது வருஷத்துக்குக் காலண்டர். தஞ்சாவூர் அண்ணாச்சிக்கு ஒரே நாளில் இரண்டு லோடு கிளம்பியது. பட்டாசு லாரிக்கான மெசேஜின் முதல் துண்டில் லாரி நம்பரும் பெட்டிக் கணக்கும், இரண்டாவது துண்டில் ஊருக்கு வெளியே இருக்கிற குடோனில் இறக்கவும் என்று. காலண்டர் வேனுக்கான மெசேஜின் முதல் துண்டில் வேன் நம்பர், இரண்டாவதில் கடைவீதிக் கடையிலேயே இறக்கி, ஈரம் படாமல் உள்அறையில் அடுக்கவும் என்று. இரண்டுக்கும் ஒரே நம்பர், இரண்டும் இரண்டிரண்டு துண்டு. சீசன் நேரத்து நெரிசலில் இதன் தலை ஒரு பக்கம், அதன் வால் ஒரு பக்கம் என்று முன்னே பின்னே போய்ச் சேர்ந்தது. நம்பர் ஒன்றாக இருக்கிறதே என்று அந்தப் போன் பட்டாசு லாரியின் தலையில் காலண்டரின் வாலை ஒட்டிவிட்டது. படிக்கப் படிக்கத் துளி சந்தேகம் வராது. உளறலாக இருந்திருந்தால் யாராவது போன் போட்டுக் கேட்டிருப்பார்கள். இது முதலாளியே வாயால் சொன்ன மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், போனைக் கடைப்பையனிடம் கொடுத்துவிட்டு. லாரி மத்தியானம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கம்பெனியே கடையில் இறக்கச் சொல்லியிருக்கிறது என்று அவன் அத்தனை பட்டாசுப் பெட்டியையும் கடை உள்அறையில் கூரை தொடுகிற அளவுக்கு அடுக்கிவிட்டான். மாடியில் அண்ணாச்சி குடும்பம். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணாச்சி ஆட்டோவை விட்டு இறங்கியபோது, அந்தப் பையன் சாமி படத்துக்குச் சூடம் ஏற்றத் தீப்பெட்டியை உரசிக்கொண்டிருந்தானாம். அண்ணாச்சி தெருவிலிருந்தே கத்தியிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. நம் பகுதியில் "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லும்போது வெடி விபத்தில் போன எத்தனை முகங்கள் நினைவுக்கு வரும் என்று உனக்கே தெரியும். 

மறுநாள் மத்தியானம் முதலாளி நேராக அச்சகத்து டெஸ்பாட்ச் ஷெட்டுக்கு வந்தார். நீ அதற்கு முன்பே கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டாய், உன் முகம் வெளுத்துப்போயிருந்தது. உங்கப்பா பெட்டி முன்னால் குந்தியிருக்கிறார், கையில் பிரஷ். லோடுமேன்கள், லேபிள் ஒட்டுகிற பெண்கள், நான், எல்லோரும் நிற்கிறோம். முதலாளி போட்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. கடைசியில் அவர் கேட்டார், "யாருலே ஒனக்கு இப்பிடிப் பண்ணச் சொன்னது? ஒரே நம்பரப் போடச் சொல்லி எவஞ் சொன்னான்?"

அந்த இடத்தில் ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் உங்கப்பா வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். நீ அவருக்கு முதுகைக் காட்டி நின்றாய், உனக்குத் தெரியாது. அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார், எழுந்திரிக்கக் கையை ஊன்றினார். அதற்குள் நீ சொல்லிவிட்டாய்.

"யாரும் சொல்லல மொதலாளி. நானாத்தான் செஞ்சேன்."

உங்கப்பா பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். அப்புறம் மெதுவாக மறுபடி குந்தினார். பிரஷ்ஷை எடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. நீ பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். அடுத்த மாதமே சென்னையில் வேலை, அதுவும் மெசேஜ் அனுப்புகிற கம்பெனியில். பிழைத்துக்கொண்டாய், சந்தோஷம். ஆனால் அன்றையிலிருந்து உன் வாயில் "அப்பா" என்று அவரைப் பார்த்து ஒரு சொல் வரவில்லை. அவர் கை உன் தலைக்கு வரவில்லை.

இப்போது நான் உன்னைத் திட்டப் போகிறேன். அவர் வாய் மூடி இருந்ததுதான் உன் மனதில் இருக்கிறது, தெரியும். நியாயம்தான். பிள்ளையை நாலு பேர் முன்னால் நாய் மாதிரி ஏசும்போது பெற்றவன் பேசாமல் இருந்தால் அது வலிக்கத்தான் செய்யும். எனக்கும் அவர் மேல் கோபம், பல நாள் சோறு போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் நீ முந்திக்கொண்டாய், எய்யா. ஏழாம் வகுப்பில் எவனோ உடைத்த ஜன்னலுக்கு நீ அடி வாங்கிக்கொண்டு வந்தாயே, அன்றைக்கு உன்னை நான் மெச்சியிருக்கக் கூடாது. அடுத்தவர் தப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வது உனக்குப் பழகிவிட்டது. தூக்கிக்கொண்டு போய்விட்டு, அப்புறம் பாரமாக இருக்கிறது என்று வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டு இருப்பாய். அன்றைக்கு நீ பாதுகாத்தது அவர் வேலையை. அவருக்கு அதைவிட வேண்டியிருந்தது, தன் வாயால் தானே சொல்கிற அந்த இடம். அதை நீ எடுத்துக்கொண்டாய். போகிற ஊரில் இந்தப் புத்தியை வைத்துக்கொள்ளாதே. எவனாவது தப்புச் செய்தால் அவனே சொல்லும் வரை கொஞ்சம் பொறு.

நடுவில் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். கரண்டும் போய்விட்டது, வியர்த்து ஊற்றுகிறது. நீ போகிற ஊரில் பாதி வருஷம் வெயிலே கிடையாதாமே. விருதுநகர் வெயிலைக் கொஞ்சம் பையில் போட்டுத் தரவா?

அவரையும் சும்மா விடவில்லை. அன்று ராத்திரியே கேட்டேன். "எந்திரிச்சீகளே, ஏன் பேசல?" என்றேன். பாயை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னார். "அவன் நாந்தான்னு சொல்லிட்டான். அதுக்கு மேல நான் வாயத் தொறந்தா, எம் புள்ள அத்தனை பேரு முன்னாடிப் பொய் சொன்னவனா ஆயிருவான்ல?" எனக்கு அதைக் கேட்டு இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஏனென்றால் அது பாதிதான் உண்மை. மீதி, அவருக்குப் பயம். அந்த மார்க்காவை விட்டால் வேறு தொழில் தெரியாது. நீ சின்னப்பிள்ளை, எங்கேயும் பிழைத்துக்கொள்வாய் என்று நினைத்திருப்பார். இரண்டையும் சேர்த்துத்தான் உன்னிடம் சொல்கிறேன். நல்லதை மட்டும் சொன்னால் நீ நம்பமாட்டாய்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. ஆபீஸில் இப்போது கம்ப்யூட்டருக்கு ஒரு பெண்பிள்ளை வந்திருக்கிறாள், அச்சங்குளத்துப் பிள்ளை, கெட்டிக்காரி. முதலாளிக்கு மறுபடி மெசேஜ் ஆசை வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், "அக்கா, ஒங்க வீட்டு மாமா எனக்கு முதல் நாளே ஒரு பாடம் எடுத்தாக" என்று சிரித்தாள். என்ன பாடம் என்றேன். முதலாளியும் கூட நிற்கும்போது உங்கப்பா போய் அவளிடம் சொன்னாராம்.

"பாப்பா, ஒவ்வொரு மெசேஜுக்கும் புது நம்பர் போடு. ஆளுக்கு ஒரு நம்பர்னு யாரு சொன்னாலும் கேக்காத. நானே வந்து சொன்னாலும் கேக்காத."

முதலாளி சிரித்திருக்கிறார். "என்னய்யா, ஒம் மகன் பண்ணுன கூத்த இன்னும் மறக்கலையா?"

"அவன் பண்ணல மொதலாளி. அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நாந்தான் கட்டாயப்படுத்திப் போட வச்சேன். அன்னைக்கு அவன் எனக்காகப் பேச்சு வாங்குனான்."

முதலாளி சிரிப்பை நிறுத்திவிட்டாராம். அப்புறம், "இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?" என்று கேட்டாராம். "சொல்லிருக்கலாம் மொதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டு, இவர் ஷெட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளைக்கு இது ஒரு வேடிக்கைக் கதை. சொல்லிவிட்டு ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டாள். நான் கையில் பிசைந்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலாளிக்குச் சொல்லியாயிற்று, முந்தாநாள் வேலைக்கு வந்த பிள்ளைக்குச் சொல்லியாயிற்று. சொல்ல வேண்டிய உனக்கு மட்டும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லத் தெரியுது, பெத்த பிள்ளைகிட்டச் சொல்ல என்ன வந்துச்சு?" என்றேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "அவங் கேக்கட்டும், சொல்றேன்" என்றார். உனக்குப் போன் பண்ணி, அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசேன் என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "அவர் பேசுனா நான் பேசமாட்டேன்னா சொல்றேன்?" அப்பனும் மகனும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறீர்கள். ஒருவர் பேசட்டும் என்று இன்னொருவர். நீ ஸ்வீடனில் இருந்துகொண்டும், அவர் ஆமத்தூரில் இருந்துகொண்டும் இதையே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அவருக்கு வயதாகிறது, எய்யா. மொபெட்டை உதைக்க இப்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறார். போன மாதம் ஒரு பெட்டிக்கு மார்க்கா போட்டுவிட்டு, சரியா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு வருஷம் என்பது உனக்கு ஒரு வேலை, எனக்கு அப்படி இல்லை.

அவர் அன்றைக்கு எழுந்ததையும் முதலாளியிடம் சொன்னதையும் நான் உனக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் நான் சொல்வது கணக்கில் சேராது. இது அவர் வாயிலிருந்து உன் காதுக்கு நேராக வர வேண்டியது. இதை இனிமேல் நான் சுமக்கமாட்டேன். அதனால் நேற்றே விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போய், வரிசையில் நின்று, சென்னைக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஏறுகிறோம், ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும்பூரில் இறங்குகிறோம். உனக்கு லீவு இல்லாவிட்டால் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் ஆபீஸ் இல்லை.

டிக்கெட்டை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் இடம் போட்டிருப்பதைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அவன் என்னிய வரச் சொன்னானா?"

"ஆமா" என்றேன்.

"என்ன சொன்னான்?"

"அப்பாவையும் கூட்டிட்டு வாம்மா, பாக்கணும் போல இருக்குன்னான்."

 டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போகிறார், தேய்க்கக் கொடுப்பதற்கு. சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன. திரும்பி வந்து, "அவனுக்கு அதிரசம் பிடிக்கும்ல, மாவு இருக்கா?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார். ஆனால் அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

நான் சொன்னது பொய், எய்யா. நீ அப்படிச் சொல்லவே இல்லை. இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியர்காரர் சொன்னார். நாங்கள் வண்டி ஏறுவதற்குள் நீ அவருக்குப் போன் போட்டு, நான் உன் பெயரில் சொன்னதை நீயே சொல்லிவிடு.

உன் வாய்ச்சொல்லுக்காகக் காத்திருக்கும்,
அம்மா